மூச்சிரைப்போடு வாழ்பவர் தம் நோயைத் தாமே கையாளத் துணைநிற்பது எப்படி

"இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். தமக்குத் தெரிந்த அளவில் சரியாகச் செய்வதாகவே அவர்கள் நம்புகிறார்கள். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரிடம் நான் அப்படிக் கேட்காமல், "எங்கே, ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள், பார்ப்போம்" என்றேன். பையிலிருந்து பொடி மருந்துக் கருவியை எடுத்தார், மூடியைத் திறந்தார், பக்கவாட்டில் இருந்த விசையைத் தள்ளி ஒரு வேளை மருந்தைத் தயாராக்கினார், பிறகு, தூசி ஏதும் இருந்துவிடக் கூடாது என்று அதற்குள் பலமாக ஒரு ஊது ஊதிவிட்டு, மெல்ல உறிஞ்சினார். ஊதிய வேகத்தில் தயாராக இருந்த பொடியில் ஒரு பகுதி வெளியே பறந்தது, மூச்சின் ஈரம் பட்டு மீதி கட்டிதட்டியது, வேகமாக இழுக்க வேண்டிய கருவியை மெல்ல இழுத்ததால் உள்ளே போனதும் வாயிலும் தொண்டையிலும் தங்கிவிட்டது. நான்கு ஆண்டுகளாக ஒரு வேளை தவறாமல் அவர் அதைத்தான் செய்துவந்திருக்கிறார். இடையில் இருமுறை மருந்தின் அளவு கூட்டப்பட்டிருந்தது. கருவியைக் கையாண்டு காட்டும்படி மட்டும் யாரும் அவரைக் கேட்டதில்லை.

நோயாளி தம் நோயைத் தாமே கையாளத் துணைநிற்பது என்று நாம் சொல்லும் பெரிய காரியம், சொல்லிக்கொடுப்பதற்கு முன் செய்துகாட்டச் சொல்லும் இந்தச் சிறிய செயலில்தான் தொடங்குகிறது. சிஓபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆஸ்துமா, மூச்சுக்குழாய் விரிவு நோய், நுரையீரல் திசு தடித்து இறுகும் நோய்கள் ஆகியவற்றோடு வாழ்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள், மருந்தாளுநர்கள், வீட்டார் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பெரும்பகுதி சிஓபிடியை மனத்தில் வைத்து எழுதியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் அந்நோயால் 35 லட்சம் பேர் இறந்தனர். உலகில் மக்கள் இறப்பதற்கான காரணங்களில் அது நான்காம் இடத்தில் இருக்கிறது. மற்ற நோய்களில் வழி மாறும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

காகிதம் கொடுத்தால் போதாது

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ழான் பூர்போவும் அவருடைய குழுவினரும் 7 மருத்துவமனைகளைச் சேர்ந்த 191 சிஓபிடி நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. பயிற்சி பெற்ற பணியாளர் இரண்டு மாதங்கள் வாரந்தோறும் வீட்டுக்குச் சென்று கற்றுக்கொடுத்து, அதன் பின் மாதம் ஒருமுறை தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்ததன் பயனாக, நோய் திடீரென மோசமாகி மருத்துவமனையில் சேர்க்கப்படுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. இந்தத் துறைக்கு நம்பிக்கை ஊட்டிய ஆய்வு அது. ஆனால் 2012இல் வந்த மற்றொரு ஆய்வையும் துணைநிற்பவர்கள் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 20 மருத்துவமனைகளில், 426 பேரிடம் ஏறக்குறைய அதே நோக்கத்தோடு நடந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. பயிற்சி பெற்ற பிரிவில் 28 பேரும் மற்றப் பிரிவில் 10 பேரும் இறந்திருந்ததே காரணம். ஏன் அப்படி ஆயிற்று என்பது இன்றும் முழுமையாக விளக்கப்படவில்லை.

அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் நடந்த ஆய்வொன்றில் பயிற்சி பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர் மட்டுமே, நோய் மோசமாகும்போது தாமே உரிய நேரத்தில் சரியான நடவடிக்கை எடுக்கக் கற்றிருந்தனர். அவர்கள் பெரும்பாலும் வயதில் இளையவர்களாகவும், தனியாக வாழாதவர்களாகவும் இருந்தனர். இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: கையேடும், அவசரத்துக்கென வீட்டில் வைத்துக்கொள்ளத் தரும் மாத்திரைப் பொட்டலமும் தாமாக எதையும் செய்துவிடுவதில்லை. எந்த நாளில், எந்த நேரத்தில், எதைச் செய்வது என்ற முடிவை நோயாளி திரும்பத் திரும்பப் பழகியிருக்க வேண்டும். பழக முடியாதவருக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். பழக முடியாததை அவருடைய குற்றமாக எண்ணுவது நம் வேலையைச் சுலபமாக்கும், அவ்வளவுதான்.

முதலில் அவருடைய வழக்கமான நாளை எழுதிவையுங்கள்

நோய் மோசமாகிறதா என்று கண்டுபிடிக்க, மோசமாகாத நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். சிஓபிடி உள்ளவருக்கு இருமலும் சளியும் இரைப்பும் நாள்தோறும் இருப்பவைதான். எனவே பொதுவான அறிகுறிப் பட்டியல் அவருக்கு அதிகம் உதவாது. அதைப் படித்தால் எல்லா நாளும் ஆபத்தான நாளாகவே தோன்றும், அல்லது எதுவுமே ஆபத்தாகத் தோன்றாது. ஆகவே அவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து, எத்தனை அடி நடந்ததும் நின்று மூச்சு வாங்குகிறார், காலையில் எவ்வளவு சளி வருகிறது, அதன் நிறம் என்ன, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், உடனடி நிவாரண இன்ஹேலரை ஒரு நாளில் எத்தனை முறை எடுக்கிறார் என்பவற்றைக் கேட்டு, அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "ஒரு தேக்கரண்டி அளவு, வெள்ளையாக" என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். "வாசல் கேட்டுவரை நிற்காமல் போவேன், திரும்பும்போது ஒருமுறை நிற்பேன்" என்பது எந்த அளவுகோலையும்விடத் துல்லியமான குறிப்பு.

அளவுகோல்களும் உண்டு. மூச்சிரைப்பை 0 முதல் 4 வரை தரம்பிரிக்கும் எம்எம்ஆர்சி அளவுகோலும், சிஓபிடி அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும், எட்டுக் கேள்விகளுக்கு 40 மதிப்பெண் கொண்ட கேட் வினாத்தாளும் பயன்படுத்த எளியவை. பின்னதில் 2 மதிப்பெண் மாறினாலும் அதைப் பொருட்படுத்த வேண்டும். குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனை எண்ணாக அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை நோயைக் கண்டறிய இன்றியமையாதது. ஆயினும் ஒருவரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அந்த எண்ணைக் கொண்டு சொல்லிவிட முடியாது. அதே எண்ணோடு ஒருவர் தினமும் கடைக்குப் போய்வருவார், இன்னொருவர் குளியலறைக்குப் போகவே அஞ்சுவார்.

அந்த உரையாடலிலேயே, "இந்த நோய் எதைச் செய்யவிடாமல் உங்களைத் தடுக்கிறது? எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?" என்றும் கேளுங்கள். நாம் வைத்திருக்கும் இலக்கும் அவர் வைத்திருக்கும் இலக்கும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. மருந்தைத் தவறாமல் எடுப்பது நம் இலக்கு. பேரனைப் பள்ளிப் பேருந்து நிற்கும் இடம்வரை அழைத்துப் போவது அவருடைய இலக்கு. அவருடையதையே எடுத்துக்கொண்டு, அதற்கான முதல் அடியாக இந்த வாரம் என்ன செய்யலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு, அதைச் செய்துமுடிப்போம் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். ஏழுக்குக் குறைவாகச் சொன்னால் ஊக்கமூட்டிப் பேச வேண்டாம். அந்த அடியைச் சிறியதாக்குங்கள்.

இன்ஹேலர்: இரண்டு வகை, இரண்டு விதமான மூச்சு

இன்ஹேலரில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்திலிருந்து பிறக்கின்றன. அழுத்தினால் புகைபோல் பீய்ச்சும் குப்பி வகைக்கு மெதுவான, ஆழ்ந்த மூச்சு வேண்டும். பொடி வகைக்கு வேகமான, பலமான மூச்சு வேண்டும். குப்பி வகையில் மருந்து தானே வேகத்தோடு வெளியே வருவதால், நாமும் வேகமாக இழுத்தால் அது தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே படிந்துவிடும். பொடி வகையிலோ, பொடியைச் சிதறடித்து நுண்துகள்களாக்கும் வேலையை நோயாளியின் மூச்சுதான் செய்கிறது. ஒருவருக்கு இரண்டு வகையும் எழுதித் தரப்பட்டிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். முடிந்தவரை எல்லா மருந்தும் ஒரே வகைக் கருவியில் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்பது துணைநிற்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவிகளில் ஒன்று.

குப்பி வகையை இப்படிப் பழக்குங்கள். மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதிக்குள் ஏதும் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, நன்றாகக் குலுக்க வேண்டும். கருவியை வாயிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு மூச்சை வெளியே விட வேண்டும். உதடுகளால் வாய்ப்பகுதியை இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கியவுடன் ஒருமுறை அழுத்தி, நான்கைந்து விநாடிகள் தொடர்ந்து இழுத்து, பத்து விநாடிகள்வரை, முடியாவிட்டால் முடிந்தவரை, மூச்சை நிறுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டாம் முறை எடுப்பதற்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மறுபடியும் குலுக்க வேண்டும். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒருங்கிணைக்க முடியாதவருக்கு, குப்பிக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூட்டைக் கொடுங்கள். உண்மையில் எல்லோருக்குமே அது நல்லது. ஸ்பேசரை மாதம் ஒருமுறையாவது பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாக உலரவிட வேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

குப்பியில் மருந்து மீதி இருக்கிறதா என்பதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய பழக்கம் நம்பத் தகுந்ததல்ல. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு பீய்ச்சிக்கொண்டுதான் இருக்கும். எண்ணிக்கை காட்டும் கருவியாக இருந்தால் அதைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். இல்லாவிட்டால் திறந்த தேதியைக் குப்பியின் உறைமேல் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மூச்சுக்குழாய் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு கலந்த எந்த இன்ஹேலரானாலும் எடுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெண்படலமாகப் பூஞ்சை படியும், குரலும் கம்மும்.

திருத்தும்போது எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்த முனையாதீர்கள். மருந்தை நுரையீரலுக்குப் போகவிடாத பிழை எதுவோ அதை முதலில் திருத்துங்கள்; நீங்கள் ஒருமுறை செய்துகாட்டி, அவரைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது மறுபடியும் செய்துகாட்டச் சொல்லுங்கள், ஏனெனில் இந்தப் பழக்கம் ஓரிரு மாதங்களில் நழுவக்கூடியது. விரல் மூட்டு வீங்கியவர்கள், பார்வை மங்கியவர்கள், பலமாக இழுக்க வலுவில்லாதவர்கள் ஆகியோருக்கு எத்தனை முறை கற்பித்தாலும் வராது. அங்கே மாற்ற வேண்டியது கருவியை.

எந்த மருந்து எதற்கு என்பதையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள். சால்பியூட்டமால் போன்ற உடனடி நிவாரண மருந்து சில நிமிடங்களில் வேலை செய்து நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தேய்ந்துவிடும். நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்து எடுத்த கணத்தில் எந்த மாற்றமும் தெரியாததால் பலர் அதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். ஆஸ்துமாவில் இது உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டு இல்லாமல் நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருக்கும் முறையை ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழு 2019 முதல் கைவிடச் சொல்லிவிட்டது. ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நிவாரணக் குப்பிகளைத் தீர்க்கும் ஆஸ்துமா நோயாளியை உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மூச்சு முட்டும் அந்தச் சில நிமிடங்கள்

சிஓபிடி உள்ளவருக்குச் சிக்கல் பெரும்பாலும் காற்றை உள்ளே இழுப்பதில் இல்லை, வெளியே விடுவதில்தான். தளர்ந்துபோன சிறு மூச்சுக்குழாய்கள் மூச்சை விடும்போது முன்னதாகவே மூடிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளே சிக்கிக்கொள்கிறது. நெஞ்சு ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது புதிய காற்றுக்கு இடமில்லை. அவர் பதறி, வேகவேகமாக மூச்சு வாங்கத் தொடங்கினால், விடுவதற்கான நேரம் இன்னும் குறைந்து, சிக்கும் காற்று இன்னும் கூடும். பயம் மூச்சை முட்டவைக்கிறது, மூச்சு முட்டுவது பயத்தைக் கூட்டுகிறது. "ஆழமாக மூச்சு இழுங்கள்" என்று பக்கத்தில் நிற்பவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஆலோசனை இதனால்தான் உதவுவதில்லை.

உதவுவது உதடு குவித்து மூச்சு விடுவது. வாயை மூடி, மூக்கின் வழியே ஒன்று, இரண்டு என்று எண்ணும் அளவுக்கு இழுத்து, விளக்குச் சுடர் அணையாமல் அசையும்படி ஊதுவதைப் போல உதடுகளைக் குவித்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும் அளவுக்கு விட வேண்டும். குவிந்த உதடுகள் தரும் எதிரழுத்தம் மூச்சுக்குழாய்களைச் சற்று நேரம் திறந்து வைத்திருக்கிறது. கன்னத்தை உப்பிப் பலமாக ஊதக் கூடாது. இதோடு உட்காரும் நிலையும் முக்கியம். நாற்காலியில் முன்னோக்கிச் சாய்ந்து முழங்கைகளை முழங்கால்களின் மேல் ஊன்றிக்கொள்ளலாம். நின்றுகொண்டிருந்தால் மேசை விளிம்பிலோ சுவரிலோ கைகளை ஊன்றிச் சாயலாம். தோள்களைத் தூக்கிப் பிடித்திருக்கும் தசைகளுக்குக் கைகள் தாங்கலாகும்போது அவை மூச்சுக்கு உதவத் தொடங்கும். கையடக்கமான சிறிய மின்விசிறியை முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் பிடித்து, மூக்கையும் மேலுதட்டையும் சுற்றிக் குளிர்ந்த காற்று படும்படி செய்தால், அந்தப் பகுதி நரம்பின் வழியாக மூச்சுத்திணறல் உணர்வு தணியும். மின்விசிறி விளையாட்டுச் சாமான்போலத் தோன்றலாம்; பயனடைந்தவர்கள் அதைச் சட்டைப் பையை விட்டு எடுப்பதில்லை.

இவை எல்லாவற்றையும் அமைதியான நேரத்தில் நாள்தோறும் பழகியிருந்தால்தான் திணறும் நேரத்தில் கைகொடுக்கும். வீட்டாருக்கும் அந்த நேரத்துக்கான வேலையைச் சொல்லிக்கொடுங்கள்: சுற்றி நின்று கேள்வி கேட்காமல் இருப்பது, அவர் எதிரில் அவர் கண்மட்டத்தில் உட்காருவது, நிவாரண இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையில் எடுத்துக் கொடுப்பது, அவரோடு சேர்ந்து தாமும் உதடு குவித்து மெதுவாக மூச்சு விட்டுக் காட்டுவது. தாங்களும் மெதுவாக மூச்சு விட்டால் வீட்டாரின் பதற்றமும் குறையும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செயல்திட்டம்: ஒரு பக்கம், மூன்று நிறம்

எழுத்து வடிவில் ஒரே பக்கத்தில் செயல்திட்டம் இருக்க வேண்டும், அதில் மருத்துவரின் ஒப்புதல் இருக்க வேண்டும். பச்சைப் பகுதியில் நீங்கள் முன்பு எழுதிவைத்த அவருடைய வழக்கமான நாளும், அந்த நாளில் எடுக்கும் மருந்துகளும் வரும். மஞ்சள் பகுதி, வழக்கத்தைவிட மூச்சிரைப்பு கூடுவது, சளியின் அளவு கூடுவது, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது என்ற மூன்று மாற்றங்களைச் சுற்றி அமையும். இவற்றில் ஏதேனும் ஒன்று, ஒரு நாள் ஏற்ற இறக்கமாக இல்லாமல் நீடித்தால், நிவாரண மருந்தை எவ்வளவு கூட்டுவது, யாரை அழைப்பது, எத்தனை மணி நேரத்துக்குள் அழைப்பது என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

சிலருக்கு மருத்துவர்கள் ஸ்டீராய்டு மாத்திரையையும் ஆன்டிபயாடிக் மருந்தையும் முன்கூட்டியே வீட்டில் வைத்துக்கொள்ளத் தருவதுண்டு. யாருக்குத் தருவது என்பது மருத்துவரின் முடிவு. தந்திருந்தால் எப்போது தொடங்குவது, தொடங்கிய அன்றே யாருக்குச் சொல்வது, எத்தனை நாளில் நிறுத்துவது என்பதை நோயாளி மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சிஓபிடி திடீரென மோசமாகும்போது ஐந்து நாள் ஸ்டீராய்டு, பதினான்கு நாள் எடுப்பதற்குக் குறைந்ததல்ல என்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே மீதி இருக்கிறதே என்று நீட்டிக்கக் கூடாது. அடிக்கடி எடுத்தால் எலும்பு தேயும், இரத்தச் சர்க்கரை ஏறும், தசை வலுவிழக்கும். வீட்டில் வைத்திருக்கும் இந்த மாத்திரைகள் அடிக்கடி தேவைப்படுகின்றன என்றால் அன்றாட மருந்தை மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

சிவப்புப் பகுதிக்கு விவாதம் வேண்டாம். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத அளவு மூச்சு வாங்குவது, உதடும் விரல் நுனியும் நீலம்பாரிப்பது, குழப்பமாகப் பேசுவது, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், நெஞ்சுவலி, சளியில் இரத்தம், நிவாரண மருந்து எடுத்தும் தணியாத திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். மூச்சிரைப்பு கூடுவதெல்லாம் நுரையீரல் நோயால் என்றும் எண்ணிவிடக் கூடாது. இதயம் தளர்வதும், நுரையீரல் இரத்தக்குழாயில் உறைந்த இரத்தம் அடைப்பதும், நிமோனியாவும் இதே முகத்தோடுதான் வரும். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, கடுங்காய்ச்சல் இவை இருந்தால் மஞ்சள் பகுதி மருந்தோடு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

ஆஸ்துமாவில் செயல்திட்டம், மூச்சைப் பலமாக ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரின் அளவோடு அமையலாம். அவருடைய சிறந்த அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மஞ்சள், 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் சிவப்பு என்பது பரவலான வழக்கம். சிஓபிடியில் அந்த மீட்டர் அதிகம் பயன்படாது.

திட்டத்தைக் கொடுத்தவுடன் ஒத்திகை பாருங்கள். "ஞாயிறு இரவு பதினொரு மணி. இரண்டு நாளாகச் சளி பச்சையாக வருகிறது, இன்று மாடிக்கு ஏற முடியவில்லை. என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவேன்" என்பதுதான் நேர்மையான பதிலாக இருக்கும். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்ற எண்ணம் இந்த நோயாளிகளிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்தப் பதிலைக் கடிந்துகொள்ளாமல், படுக்கப்போகும் முன் செய்ய வேண்டியது என்ன என்று அட்டையிலிருந்து அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்ந்த விரல், நகப்பூச்சு, அசையும் கை ஆகியவை அளவைக் கெடுக்கும். கருமை நிறத் தோலில் அது உண்மையைவிட உயர்வாகக் காட்டக்கூடும். நாளில் இருபது முறை மாட்டிப்பார்ப்பவருக்கு அது பயத்தைத்தான் வளர்க்கும். அவருக்கு வழக்கமான எண் எது, எந்த எண்ணுக்குக் கீழே போனால் அழைப்பது என்று மருத்துவர் குறித்துத் தரட்டும்.

நடக்க அஞ்சுபவரை நடக்கவைப்பது

மூச்சிரைக்கிறதே என்று நடப்பதைக் குறைத்தால் தசை தளரும். தளர்ந்த தசைக்கு அதே வேலைக்குக் கூடுதல் காற்று தேவைப்படும். முன்பைவிடச் சீக்கிரம் மூச்சிரைக்கும். இந்தச் சுழலை உடைக்க நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியைப் போன்ற வலுவான வழி வேறில்லை. வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரங்கள், வாரத்துக்கு இருமுறை, பயிற்றுநரின் கண்காணிப்பில் நடைபெறும். மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் நான்கு வாரங்களுக்குள் அதைத் தொடங்குவது நல்லது. பயிற்சி நின்ற சில மாதங்களில் பலனும் தேயும் என்பதால், வீட்டில் எதைத் தொடர்வது என்பதைப் பயிற்சி முடிவதற்கு முன்பே பேசி முடிவுசெய்யுங்கள்.

உடற்பயிற்சியின்போது வரும் மூச்சிரைப்பு தீங்கானதல்ல என்பதை அவர் உடலால் உணர்ந்தாக வேண்டும். மூச்சிரைப்பை அவரே 0 முதல் 10 வரை மதிப்பிடும் போர்க் அளவுகோலில் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில், அதாவது மூச்சு வாங்கினாலும் சிறு வாக்கியங்கள் பேச முடிகிற அளவில், இருந்தால் சரியான வேகம். தொடர்ந்து நடக்க முடியாதவர் இரண்டு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நின்று போகலாம்.

அன்றாட வேலைகளில் குளியலைத்தான் முதலில் கவனிப்பேன். கைகளைத் தலைக்கு மேல் தூக்குவது, குனிவது, நீராவி நிறைந்த மூடிய அறை ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்கின்றன. முக்காலி போட்டு உட்கார்ந்து குளிப்பது, கதவைச் சற்றே திறந்து வைப்பது, மாற்றுடையைக் கைக்கெட்டும் தொலைவில் வைப்பது, துண்டால் தேய்த்துத் துவட்டுவதற்குப் பதிலாகப் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து உலர்வது, காலைக் கழுவக் குனியாமல் ஒரு காலை மற்றொரு முழங்காலின் மேல் போட்டுக்கொள்வது என்று மாற்றினால், குளித்த பின் அரை மணி நேரம் படுத்துக்கிடந்தவர் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். படியேறும்போதும், எடையைத் தூக்கும்போதும் சிரமமான கணத்தில் மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது. நின்று இழுத்து, விட்டுக்கொண்டே இரண்டு படி ஏறி, மறுபடி நிற்கலாம்.

புகை, தடுப்பூசி, உணவு, ஆக்சிஜன்

சிஓபிடியில் நுரையீரல் தேயும் வேகத்தைக் குறைக்கப் புகைப்பதை நிறுத்துவதைவிடப் பெரிய வழி இல்லை. ஆனால் அதைப் பற்றி நோயாளிக்கு அறிவுரை சொல்லாதவர் யாரும் இருக்க மாட்டார்கள், ஆகவே நீங்களும் சொல்ல வேண்டாம். "நிறுத்துவதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காதுகொடுங்கள். நிக்கோட்டின் பட்டையும், மெல்லும் நிக்கோட்டினும், வேரனிக்ளின் போன்ற மாத்திரையும், ஆலோசனையும் சேரும்போது வெற்றி கூடும். மனவுறுதியை மட்டும் நம்பச் சொல்வது நியாயமல்ல. விட்டுவிட்டு மறுபடி தொடங்கியவர் தோற்றவர் அல்லர், பெரும்பாலோர் பல முயற்சிகளுக்குப் பின்பே விடுகிறார்கள். புகைப்பழக்கமே இல்லாதவர்களுக்கும் விறகடுப்புப் புகையாலும் தொழிற்கூடத் தூசியாலும் இந்நோய் வருவதால், புகைப்பவர் என்ற முன்முடிவோடு பேசத் தொடங்கக் கூடாது.

ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியும், நியூமோகாக்கஸ், கோவிட் தடுப்பூசிகளும் போடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். எடை தானாகக் குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிறு நிறைந்தால் உதரவிதானம் இறங்க இடமின்றி மூச்சு வாங்கும் என்பதால், சிறு அளவில் அடிக்கடி உண்பது உதவும். மூச்சுக்குழாய் விரிவு நோய் உள்ளவர்களுக்குச் சளியை வெளியேற்றும் பயிற்சி அன்றாட மருந்துக்கு ஒப்பானது. கண்ணாடியில் ஆவி படியச் செய்வதைப் போல வாயைத் திறந்து "ஹா" என்று காற்றைத் தள்ளும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்கச் செய்யுங்கள். வறட்டு இருமல் இருமிக் களைப்பதைவிட அது சளியை எளிதாக மேலே கொண்டுவரும்.

ஆக்சிஜன் மூச்சிரைப்புக்கான மருந்தல்ல, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதற்கான மருந்து. நெடுங்கால ஆக்சிஜன் எழுதித் தரப்பட்டவர் நாளுக்கு 15 மணி நேரமாவது அதைப் பயன்படுத்தினால்தான் ஆயுள் நீளும். அதற்காக ஓட்டத்தைத் தாமே கூட்டிவிடவும் கூடாது. சிலருடைய உடலில் அளவுக்கு மீறிய ஆக்சிஜன் கரியமில வாயுவைத் தேக்கி மயக்கத்தில் தள்ளும்; அத்தகையோருக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 விழுக்காடே இலக்கு. காலையில் தலைவலியும் பகலில் ஓயாத தூக்கமும் அதன் முன்னறிகுறிகள். ஆக்சிஜன் ஓடும் அறையில் புகைப்பதும், நெருப்பும், முகத்தில் பெட்ரோலியக் களிம்பு பூசுவதும் கூடாது.

மனமும் வீட்டாரும்

மூச்சுக்குப் பயந்து வெளியே போகாதவர் மெல்ல நண்பர்களை இழக்கிறார். எல்லோர் எதிரிலும் இருமிச் சளி துப்புவதற்கு வெட்கப்படுகிறார். மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயில் மிகச் சாதாரணம். "இரண்டு வாரமாக மனம் எப்படி இருக்கிறது? எதிலாவது ஆர்வம் இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேட்கலாம், தேவைப்பட்டால் அதற்கெனச் சிகிச்சைக்கு அனுப்புங்கள். வீட்டாரில் சிலர் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுவார்கள். சிலர் எதையும் நோயாளியின் சோம்பல் என்பார்கள். முதல்வகையினரிடம், அவரால் முடிந்ததை அவரே மெதுவாகச் செய்யவிடுவதும் சிகிச்சைதான் என்று விளக்குங்கள். இரண்டாம் வகையினரை, மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்லிய உறிஞ்சுகுழல் ஒன்றின் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விட்டபடி நடந்து பார்க்கச் சொன்னேன் ஒருமுறை. அதன் பின் அந்த வீட்டில் பேச்சு மாறியது. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்களிடம் அதைச் செய்யச் சொல்லாதீர்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதல் சில வாரங்களில்தான் மறுபடி சேர்க்கப்படும் ஆபத்து கூடுதல். மருந்து மாறியிருக்கும், உடல் தளர்ந்திருக்கும், சொன்னதெல்லாம் பாதிதான் மனத்தில் நின்றிருக்கும். இரண்டு மூன்று நாளுக்குள் தொலைபேசியில் அழையுங்கள். "நலமா?" என்று மட்டும் கேட்டால் "நலம்" என்றுதான் பதில் வரும். பழைய இன்ஹேலரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பழையதும் புதியதுமாக ஒரே மருந்தை இரண்டு கருவிகளில் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நேற்று எதுவரை நடந்தீர்கள், சளி என்ன நிறம், இரவில் எழுந்தீர்களா என்று கேட்டு, நீங்கள் எழுதிவைத்த வழக்கமான நாளோடு ஒப்பிடுங்கள். அவர் பேசும்போது வாக்கியத்தை எங்கே நிறுத்தி மூச்சு வாங்குகிறார் என்பதைக் கவனியுங்கள். கடைசியாக, செயல்திட்ட அட்டை இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். "இங்கேதான் எங்கேயோ வைத்தேன், தேடிப் பார்க்கிறேன்" என்று சொன்னால் அழைப்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள். அவர் தேடி எடுத்துவந்து மஞ்சள் பகுதியை உங்களுக்குப் படித்துக் காட்டியதும், அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலோ கட்டிலுக்கு அருகிலுள்ள சுவரிலோ ஒட்டச் சொல்லி, ஒட்டியாயிற்று என்று அவர் சொன்ன பிறகு அழைப்பை முடியுங்கள்.